சத்தக்காவின் சொடக்குகள்

வலது கை மவுஸைப் பிடித்திருக்கிறது. இடது கையின் ஒரு விரல் பொத்தான் மேல் காத்திருக்கிறது. திரையில் ஒரு சொடக்கின் ஒலிக்கோடு மீன்முள் போல மெலிந்து நிற்கிறது. கை அதை மயிரிழை இடப்பக்கம் தள்ளுகிறது. விரல் பொத்தானை அழுத்த, பாட்டு ஓடுகிறது. போதவில்லை. இன்னும் ஒரு மயிரிழை. இப்போது அடியில் இருந்த ‘டிக்’ காணாமல் போய்ச் சொடக்கு மட்டும் கேட்கிறது. கை அடுத்த சொடக்குக்குப் போகிறது.

இந்தக் கைகளுக்குச் சொந்தக்காரியை ஒலிப்பதிவுக் கூடத்தில் எல்லோரும் சத்தக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அப்பா வைத்திருந்த கேசட் கடையில், பதிவான நாடாவை ஓடவிட்டு எங்கே இழுக்கிறது, எங்கே கரகரக்கிறது என்று கேட்டுச் சொல்வதில் தொடங்கிய வேலை. கம்ப்யூட்டரில் பாட்டு வெட்டி ஒட்ட யாரும் கற்றுத்தரவில்லை. கெடுத்துக் கெடுத்துத்தான் பழகினாள். இன்றைக்கும் ஒன்றைத் தப்பாக இரண்டு மூன்று விதமாகச் செய்து பார்த்துவிட்டே சரியானதை நம்புவாள். “என் குறட்டையைக்கூட வெட்டி ஒட்டி ஒரே சீரா ஆக்கிடுவா” என்பார், பஸ் ஓட்டும் அவள் கணவர்.

பிரச்சினை ஒரு பள்ளிக்கூடப் படத்தின் பாட்டில் வந்தது. பாடியவன் பள்ளி மாணவன். போன வருஷம் இதே அறையில் பதிவு செய்தது. படம் வருவதற்கு முன் அந்த ஒரு பாட்டை மட்டும் தனியாக வெளியிட இசை நிறுவனம் முடிவு செய்தது. படத்தில் அது விளையாட்டு மைதானக் காட்சி. கூட்டத்தின் கூச்சல் பாட்டின் மேல் கிடந்தது. தனிப் பாட்டுக்காகக் கூச்சலை எடுத்ததும் குட்டு வெளிப்பட்டது. வாத்தியமே இல்லாத முதல் சரணத்தில், அவன் குரலுக்குப் பின்னால், டிக், டிக், டிக்.

பாடகர் தாளம் தவறாமல் இருக்க ஹெட்போனில் ஓடவிடும் ஒலி அது. பையன் தன் குரலைத் தானே கேட்க, ஒரு காதைத் திறந்துவைத்துக்கொண்டு பாடியிருக்கிறான். திறந்த பக்கம் கசிந்ததையெல்லாம் மைக் வாங்கிக்கொண்டது.

திரும்பப் பாடவைக்கலாம் என்று கூப்பிட்டால், “வணக்கம்க்கா” என்று வாசலில் கேட்டது அவன் அப்பாவின் குரல். நிமிர்ந்து பார்த்தால் அவன்தான். மீசை அரும்பியிருந்தது. பழைய குரல் போயே போய்விட்டது.

நிறுவனத்தின் மேலாளர் அம்மா போனில் கறாராகச் சொன்னார். “வேற பையனை நாளைக்குச் சாயங்காலம் வரச் சொல்லியிருக்கேன். அதுக்குள்ள சுத்தமா தந்தா இவன். இல்லன்னா அவன்.”

பையன் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான். அந்தக் குரலில் அவனுக்கு இருந்தது அந்த ஒரே பாட்டுதான்.

“என் தப்புதான்க்கா.”

“ஆமா, உன் தப்புதான். ரெண்டு காதையும் மூடியிருந்தா சுருதி விலகியிருக்கும். அதுவும் உன் தப்பாத்தான் இருந்திருக்கும். முதல்ல மூஞ்சியை மாத்து.”

சத்தக்கா முதலில் டிக்கை வெட்டி எடுத்தாள். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் இருந்தவை சத்தமில்லாமல் போயின. நீட்டிப் பாடிய இடங்களில் வெட்டியதும் பையனுக்கு விக்கல் எடுத்ததுபோல் ஆனது. வடிகட்டிப் பார்த்தாள், குரல் வாளிக்குள்ளிருந்து வந்தது. எடுக்க முடியாததை மூடத்தான் வேண்டும். கைதட்டல் வைத்தாள், அது அகலம், டிக் முன்னால் எட்டிப் பார்த்தது. பேனாவால் மேஜையைத் தட்டினாள். யாரோ பொறுமையிழந்து காத்திருப்பதுபோல் இருந்தது. சொடக்குப் போட்டாள், மழுங்கலாக விழுந்தது.

“நான் போடட்டாக்கா?”

சுள்ளென்று விழுந்தது. டிக்கைப் போலவே குட்டை, அதே கூர்மை.

“அடப்பாவி, இதை எங்கடா ஒளிச்சு வச்சிருந்தே?”

“இதுக்காகவே என்னை கிளாஸை விட்டு வெளிய அனுப்புவாங்கக்கா.”

“உள்ள போ, மைக் முன்னாடி நில்லு. இந்தத் தடவை ரெண்டு காதையும் மூடு, சாமி.”

சரணம் முழுக்கச் சொடக்கினான். ஒரு தடவை, இன்னொரு தடவை, விரல் சிவக்கும் வரை. ஆனால் மனிதக் கை இயந்திரத்தோடு மயிரிழை பிசகாமல் விழாது. பிசகிய இடத்திலெல்லாம் டிக்கும் சொடக்குமாக இரண்டும் கேட்டன, நொண்டிக் குதிரை ஓடுவதுபோல. அதனால் மறுநாள் காலையிலிருந்து சத்தக்கா ஒவ்வொரு சொடக்காக எடுத்து அதனதன் டிக்கின் மேல் உட்காரவைத்துக்கொண்டிருந்தாள். பையன் பின்னால் நின்றான்.

கடைசிச் சொடக்கு உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் மேலாளர் அம்மா வந்தார். கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். மறுபடி போடச் சொன்னார். கட்டிய கை அவிழ்ந்தது. மூன்றாவது தடவையும் போடச் சொன்னார்.

“டிக் எங்க போச்சு?”

“எங்கயும் போகல. அங்கேயேதான் இருக்கு. கேக்குதா?”

“இல்ல.” அவர் சிரித்துவிட்டார். “இந்தச் சொடக்கு படத்துல இல்லையே. பாட்டையே தூக்கிட்டுப் போகுதே! யார் போட்டது?”

“படத்துல அவனுக்குக் கூட்டம் இருந்துச்சு. இங்க அவன் மட்டும்தானே. அதான் அவனே போட்டுக்கிட்டான்.”

மேலாளர் அம்மா அப்போதுதான் பின்னால் நின்றவனைத் திரும்பிப் பார்த்தார். போனை எடுத்தார். “சாயங்காலம் யாரும் வர வேணாம். ஆமா, பழைய குரலேதான். பாட்டோட அட்டையில அவன் பேரைப் பெருசாப் போடுங்க.”

பையன் சுவர்ப் பக்கம் திரும்பி முகத்தைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டான். சத்தக்கா பாட்டைப் பென்டிரைவில் ஏற்றி, ஒரு முறை தொடக்கம் முதல் கேட்டுச் சரிபார்த்து, உருவி எடுத்தாள். மேலாளர் அம்மா கையை நீட்டினார். சத்தக்கா அதைப் பையனின் உள்ளங்கையில் வைத்தாள்.

“நீயே குடுடா.”

அவன் இரண்டு கையாலும் கொடுத்தான்.