எட்டிப் பார்ப்பவர்களுக்கும் காசு

தொண்ணூறுகள் முடியப்போகும் நேரம். அம்மா தம்பியோடு திருச்சிக்குப் போய்விட்டாள். கூடப் படித்தவர்களும் வேலை தேடி ஊரை விட்டுப் போயிருந்தார்கள். நான் பாளையங்கோட்டையில் ஒரு மாடி அறையில் தனியாக இருந்தேன். கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்த நேரம் போக, பத்தமடையில் பாய் வியாபாரம் செய்த ஒரு அண்ணாச்சிக்கு இன்டர்நெட்டில் பக்கம் போட்டுக் கொடுத்திருந்தேன்.

பக்கத்தின் அடியில், எத்தனை பேர் வந்தார்கள் என்று காட்டும் எண் இருந்தது. காலையில் பிரவுசிங் சென்டர் திறந்ததும் போய்ப் பார்ப்பேன். முப்பத்தொன்று. மறுநாள் முப்பத்திரண்டு. அந்த ஒன்று நான்தான். அதற்கு முன்னால் வந்தவர்களிலும் பெரும்பாலும் நானே.

சிங்கப்பூரில் இருந்த அண்ணாச்சியின் மருமகன் ஒரு வழி சொன்னார். அண்ணாச்சி என்னைக் கடைக்குக் கூப்பிட்டு விட்டார்.

"காசு கட்டுனா, இன்டர்நெட்டுல தேடுத இடத்துல நம்ம கடையை மேல காட்டுவாங்களாம். அது எப்படி டீச்சர்?"

"அதை அமுக்கி உள்ள வர்ற ஆளுக்கு இவ்வளவுன்னு எடுத்துக்கிடுவாங்க, அண்ணாச்சி."

"பாய் வாங்கலைன்னாலுமா?"

"வாங்கலைன்னாலும்தான்."

"எட்டிப் பாக்கதுக்கெல்லாம் காசா? சும்மா மேல வர வழி இல்லையா?"

"இருக்கு. ஆளுங்க என்ன வார்த்தை போட்டுத் தேடுதாங்களோ, அதுக்குத் தக்கன பக்கத்தைத் திருத்தி எழுதணும். மத்தவங்க அவங்க பக்கத்துல நம்மளைப் பத்திச் சொல்லணும். மாசக்கணக்காகும்."

"அவ்வளவு நாள் யாரு காத்துக் கிடக்க? காசையே கட்டச் சொல்லுதேன்."

நானும் சரி என்றேன். காத்திருக்க எனக்கும் பொறுமை இல்லை.

விளம்பரம் வந்ததும் எண் ஓடத் தொடங்கியது. காலையில் பார்த்தது மாலையில் இருக்காது. உலகத்தில் எங்கோ யாரோ நான் எழுதியதைப் படிக்கிறார்கள் என்று நினைத்தபடி அறைக்குத் திரும்புவேன். ஒரு மாதத்தில் ஈமெயிலில் மூன்றே கடிதங்கள் வந்தன. ஒருவருக்குக் காருக்குள் போடும் ரப்பர் விரிப்பு வேண்டும். ஒருவருக்கு மிதியடி. மூன்றாமவர் தன் சரக்கை எங்களிடம் விற்கப் பார்த்தார். ஆங்கிலத்தில் பாய் உட்பட எல்லாவற்றுக்கும் 'மேட்' என்று ஒரே சொல். விளம்பரத்தை நிறுத்தினோம். எண்ணும் நின்றது.

அதன்பிறகு பக்கத்தை முதலிலிருந்து எழுதினேன். தரையில் படுக்கிறவர் எதைத் தேடுவார் என்று யோசித்தேன். கோரையை எவ்வளவு மெல்லிசாகக் கிழிக்கிறார்கள், வெயில் காலத்தில் முதுகுக்கு எப்படி இருக்கும், எப்படித் துடைத்து உலர்த்துவது என்றெல்லாம் எழுதினேன். கைவினைப் பொருள்களைப் பற்றிப் பக்கம் வைத்திருந்தவர்களுக்குக் கடிதம் போட்டேன். இரண்டு பேர் பதில் எழுதி, எங்கள் பக்கத்துக்கு வழி காட்டினார்கள். ஐப்பசி மழையும் வந்து ஓய்ந்தது.

தை மாதம் நார்வேயிலிருந்து ஒரு கடிதம். மனைவி இறந்தபின் கட்டிலில் தூக்கம் வரவில்லை, தரையில் படுக்கிறேன், அதற்கு எதை விரிக்கலாம் என்று தேடியபோது உங்கள் பக்கம் கிடைத்தது, முழுவதும் படித்தேன், மரத்தரையில் இந்தப் பாய் சரிப்படுமா என்று ஒருவர் கேட்டிருந்தார்.

நானும் தனியாகத்தான் இருக்கிறேன், பாயில்தான் படுக்கிறேன் என்று தொடங்கி நீளமாக எழுதினேன். பிறகு அதையெல்லாம் அழித்துவிட்டு, நீள அகலத்தையும், குளிருக்குப் பாய் மட்டும் போதாது, கீழே கம்பளி விரித்துக்கொள்ளுங்கள் என்பதையும் மட்டும் அனுப்பினேன். அவர் ஒரு பாய் கேட்டார்.

"ஒத்தப் பாய்க்கு இத்தன மாசமா டீச்சர்?" என்றார் அண்ணாச்சி. ஆனாலும் இருந்ததிலேயே மெல்லிசான பாயை அவரே எடுத்துச் சுருட்டிக் கட்டினார்.

பிறகு மாதத்துக்கு ஒன்று, இரண்டு என்று கேட்டு எழுதினார்கள். எல்லோரும் படுக்கப் பாய் தேடி வந்தவர்கள். மருமகன் மறுபடியும் விளம்பரம் போடலாம் என்றபோது, "வாரவன் பைய வரட்டும்" என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார்.

நார்வேக்காரர், பார்சல் வந்து சேர்ந்தது என்று ஒரு வரி எழுதினார். அதற்குமேல் எழுதவில்லை. புதிதாக யார் பாய் கேட்டிருக்கிறார்கள் என்று பார்க்கும் முன்னால், அவர் பெயர் இருக்கிறதா என்றுதான் வெகுநாள் தேடிக்கொண்டிருந்தேன்.