புஷ்பராணி டீச்சரின் டவர் ஸ்பீக்கரும் அதைக் காதால் கேட்காத ஒருவனும்

இடைவேளை மணி அடித்து, ஆசிரியர் அறையில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது புஷ்பராணி டீச்சரின் தம்பி தொலைபேசியில் அழைத்தார். "அக்கா போயிட்டாங்க டீச்சர்" என்றார். நுவரெலியா ஆஸ்பத்திரியில், காலை எட்டரைக்கு. எனக்கு முதலில் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. கொழும்பில் இருக்கும் ஒரு மனிதன் இனி இவரைப் பற்றி உருக்கமாக எழுதுவான் என்று நினைத்தேன். மாலைக்குள் எழுதியும் விட்டான். ஆகவே இது அஞ்சலி மட்டுமல்ல. இரங்கல் எழுதும்போது யாரையும் திட்டக்கூடாது என்பார்கள். அந்த மரியாதையை நான் டீச்சருக்கு மட்டும் வைத்திருக்கிறேன்.

லிந்துலைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் பதினான்கு வருடங்கள் எங்கள் மேசைகள் ஒட்டியே கிடந்தன. அவர் கணிதம், நான் தமிழ். அவர் தனியாள். சம்பளத்தில் மிச்சம்பிடித்து, இருப்பதிலேயே மலிவான ஒரு சோடி டவர் ஸ்பீக்கர் வாங்கினார். இடுப்பு உயரம், தரையில் நிற்கிற வகை. லொறி மேலே ஏறாததால் இரண்டு பேர் தேயிலை மலை வழியாகத் தோளில் தூக்கிப் போனார்கள். லயத்து வரிசை வீடுகளின் சனம் முழுக்க வாசலுக்கு வந்து, டீச்சர் பிரிட்ஜ் வாங்கியிருக்கிறார் என்று பேசிக்கொண்டது. மறுநாள் ஆசிரியர் அறையில் கூடப் படிப்பிக்கும் ஒரு சேர், "என்னாங்க டீச்சர், கல்யாண வீட்டுக்கு வாடகைக்கு விடப்போறீங்களா?" என்று சிரித்தார். "விடுவேன் சேர். ஒங்க வீட்டு விசேஷத்துக்கு மட்டும் விடமாட்டேன்" என்றார் இவர். அந்த சேரின் மகள் கல்யாணத்துக்கு அவர் போகவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

கேட்டதையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதுவார். பிறகு தமிழில் ஸ்பீக்கர் வைத்திருப்பவர்கள் கூடும் பேஸ்புக் குழுவில் போடுவார். கடைக்காரன் சொல்வதை எழுதமாட்டார், தன் காது சொன்னதைத்தான் எழுதுவார். "முதல் மாதம் பாடுகிறவருக்குத் தடுமன் பிடித்த மாதிரி இருந்தது, இப்போது தெளிந்துவிட்டது." "சுவரிலிருந்து இரண்டு முழம் தள்ளி வைத்த பிறகுதான் தவில் தவிலாகக் கேட்கிறது." "தகரக் கூரையில் மழை விழுந்தால் சத்தத்தைக் கூட்ட வேண்டும், கூட்டினால் இடது பெட்டி முனகுகிறது. இந்த விலைக்கு இவ்வளவுதான், ஆனால் ஏமாற்றவில்லை." மற்றவர்கள் ஒரு பக்கத்தில் சொல்வதை அவர் ஒரு வரியில் சொல்லிவிடுவார்.

அந்த வரிகளைத்தான் ரமணன் எடுத்தான். கொழும்பில் மாடிவீட்டில் இருந்துகொண்டு ஸ்பீக்கர் பற்றி வீடியோ போடுகிறவன். டீச்சர் எழுதியதை ஒரு சொல் மாறாமல், தன்னுடைய அனுபவமாக வாசித்தான். "காலையில் பெக்டரிச் சங்கு ஊதும்போது இடது பெட்டியின் துணி நடுங்குகிறது" என்பதையும் சேர்த்து வாசித்தான். கொழும்பு மாடிவீட்டில் எந்தத் தேயிலை பெக்டரியின் சங்கு ஊதுகிறதென்று அவனிடம் ஒருவரும் கேட்கவில்லை. ஆயிரக்கணக்கானோர் கைதட்டினார்கள். டீச்சர் அவனுக்கு எழுதினார்: "என் பேரை மட்டும் சொல்லிருங்க, போதும்." பதில் வரவில்லை.

பிறகு தேயிலைத் தூள் விவகாரம். அந்த ஸ்பீக்கரின் அடியில் ஒரு வெற்று அறை உண்டு. ஆடாமல் நிற்க அதில் உலர்ந்த மணலை நிரப்பச் சொல்லிக் கையேட்டில் போட்டிருந்தது. எங்கள் பக்கம் கிடைப்பது ஆற்று மணல், எப்போதும் ஈரம். டீச்சரின் அப்பா பெக்டரியில் கொழுந்தை உலர்த்தும் ட்ரையரில் வேலை செய்தவர். "ட்ரையர்ல இருந்து வர்ற தூளைவிட காஞ்சது இந்த மலையில வேற என்னா இருக்கு?" என்று கேட்டு, கழிவுத் தேயிலையை வாங்கி இரண்டு பெட்டியிலும் நிரப்பினார். எழுதியும் போட்டார். கணக்கு டீச்சர் ஒரு கணக்கை மறந்துவிட்டார். அவ்வளவு காய்ந்த தூள் காற்றிலிருக்கும் ஈரத்தை எல்லாம் குடிக்கும். மழைக்காலம் வந்தது, தூள் பூசணம் பிடித்து உப்பியது, அடிப்பலகை பிளந்தது. வீட்டுக்குள் பழைய தேநீர் வாடை.

அதற்குள் ரமணன் அதையும் தன் கண்டுபிடிப்பாக வீடியோவில் சொல்லி, தன் பெட்டியிலும் நிரப்பிக் காட்டியிருந்தான். நான் சந்தோஷத்தில் குதித்தேன். "சும்மா இருங்க டீச்சர், அவன் பெட்டியும் பிளக்கட்டும்" என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "அவனுக்கு வேணும்தான். அதைக் கேட்டு செய்யிற சனம் என்னாங்க பண்ணிச்சு?" அன்றைக்கே அவன் வீடியோவின் கீழ் எழுதினார்: "இது என் பிழை. தூளை எடுத்துவிட்டு மணலைக் காயவைத்துப் போடுங்கள். புஷ்பராணி, லிந்துலை." அவன் அதை அழித்தான், அவரை உள்ளே வரமுடியாமல் தடுத்தும் வைத்தான். எச்சரிக்கையில் அவர் பெயர் இருந்ததுதான் காரணம்.

இரண்டு மாதத்தில் அவன் பெட்டி பிளந்தது. கேட்டுச் செய்தவர்களின் பெட்டிகளும் பிளந்தன. திட்டு மழையாகக் கொட்டியது. நான் ஒவ்வொன்றையும் உட்கார்ந்து வாசித்தேன், பாயசம் குடித்த மாதிரி இருந்தது. அவன் கடைசியில் ஒரு வீடியோவில் சொன்னான்: "அது யாரோ ஒரு தோட்டத்து டீச்சர் சொன்ன யோசனை, நான் நம்பிட்டேன்." என் போனில் அதைப் பார்த்த புஷ்பராணி டீச்சரின் முகம் சுருங்கிப்போனது. "குத்தம் சொல்லும்போதாவது பேரைச் சொல்லியிருக்கலாம்ல" என்றார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

இப்போது பெயரைச் சொல்கிறான். "என் அன்புத் தோழி புஷ்பராணி, எங்கள் குழுவின் தூண்" என்று மெழுகுதிரிப் படம் போட்டிருக்கிறான். டீச்சர் தந்த கொப்பி என்னிடம் இருப்பது தெரிந்து, அனுப்பினால் அவர் நினைவாக வாசிப்பதாகவும் எனக்கு எழுதியிருக்கிறான். ஒரு பக்கம்கூடத் தரமாட்டேன். இன்னும் வெளிவராத குறிப்புகளை இதே குழுவில் வாரம் ஒன்றாக நானே போடுவேன், ஒவ்வொன்றின் தலையிலும் அவர் பெயரோடு. அவன் திருடிய வரிகளையும் அவர் எழுதிய திகதியோடு படமெடுத்துப் போடுவேன். ரமணனைப் பின்தொடர்கிறவர்கள் எல்லோரும் இந்தக் குழுவில்தான் இருக்கிறீர்கள். வாசியுங்கள்.

இது கிறிஸ்தவப் பெண்ணுக்குச் செய்யும் அஞ்சலியா என்று சிலர் கேட்பீர்கள். அவர் போவதற்கு முதல் நாள் நான் கட்டில் பக்கத்தில் இருந்தேன். பாதர் வந்து எண்ணெய் பூசி, எல்லோரையும் மன்னித்துவிட்டீர்களா என்று கேட்டார். டீச்சர் தலையாட்டினார். பாதர் கதவைத் தாண்டியதும் என் கையைப் பிடித்து இழுத்தார்.

"எல்லாரையும் மன்னிச்சேன்தான். அதுல அவனைச் சேர்க்கல. நீங்களும் சேர்த்துறாதீங்க டீச்சர்."

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இந்தக் கொப்பியும் அந்தச் சொல்லும். இரண்டையும் காப்பாற்றுவேன்.