வலி அவளுக்கு, பேச்சு அவருக்கு

இருபது வருஷத்துக்கு மேல் நர்ஸ் வேலை பார்த்தவள் நான். சீழ், வாந்தி, புழு வைத்த புண் என்று எல்லாவற்றையும் இந்தக் கையால் துடைத்திருக்கிறேன். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. கையைக் கழுவிவிட்டு அடுத்த நிமிஷமே தூக்குவாளியைத் திறந்து சோறு தின்றிருக்கிறேன். எனக்குக் குமட்டியது வேறொன்று. வலி ஒரு பொம்பளைக்கு இருக்கும். டாக்டர் கேட்கிற கேள்விக்குப் பக்கத்தில் நிற்கிற ஆம்பளை பதில் சொல்வான். இப்போது நினைத்தாலும் காறித் துப்ப வேண்டும்போல இருக்கிறது.

எழுபதுகளின் தொடக்கத்தில் அருப்புக்கோட்டையில் ஒரு தனியார் டாக்டரிடம் வேலைக்கு இருந்தேன். பாளையம்பட்டியிலிருந்து காலையில் நடந்தே வந்துவிடுவேன். எட்டு மணிக்கெல்லாம் எம்.ரெட்டியபட்டி, பரளச்சிப் பக்கத்து பஸ்களில் வந்தவர்கள் வாசலில் நிறைந்திருப்பார்கள். பருத்தி எடுக்கிறவர்கள், மிளகாய் வத்தலுக்குக் காம்பு கிள்ளுகிறவர்கள், மில் வேலைக்குப் போகிறவர்கள். பாதிப் பேருக்கு இடுப்பு வலி, மீதிப் பேருக்கு மூட்டு வலி. டாக்டர் அறையில் ஒரு முக்காலி கிடக்கும். அதில் பொம்பளை உட்காருவாள். புருஷனோ அண்ணனோ மாமனாரோ பக்கத்தில் நிற்பார். "எங்க வலிக்குது?" என்று டாக்டர் கேட்பது நிற்கிறவரைப் பார்த்துத்தான். "முட்டியிலங்க. ராத்திரியெல்லாம் கொடையுதுங்க" என்று சொல்வதும் நிற்கிறவர்தான். யாருடைய முட்டி ஐயா அது? உட்கார்ந்திருப்பவள் ஊமையும் இல்லை, செவிடும் இல்லை. அதை அடக்கம் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டார்கள். டாக்டருக்கு நேரமும் மிச்சம்.

பரளச்சிப் பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் தன் மனைவியை அந்த அறைக்குக் கூட்டிவந்தார். வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி, வாய் நிறைய வெற்றிலை. ஊரில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். கடலை மிட்டாய்ப் பாட்டிலுக்குப் பக்கத்திலேயே தலைவலி மாத்திரையும் ஒரு பாட்டில் நிறைய இருக்குமாம். அப்போது ஊருக்கு ஊர் அப்படித்தான் விற்றார்கள். அந்த அம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். கடைக்குப் பின்னால் பகல் முழுக்க உட்கார்ந்து புளிக்குக் கொட்டை எடுத்து எடுத்து முழங்கால் இரண்டும் வீங்கிப்போயிருந்தன.

ஏற்கெனவே இரண்டு தடவை வந்து போனவர்கள்தான். இரண்டு தடவையும் டாக்டர் வலி ஊசி எழுதினார். இரண்டு தடவையும் நான்தான் போட்டேன். மூன்றாவது தடவையும் டாக்டர் வழக்கம்போல கடைக்காரரிடம்தான் கேட்டார்.

"வேற மாத்திரை ஏதாச்சும் சாப்பிடுறாங்களா மொதலாளி?"

"சேச்சே! இவ மாத்திரையக் கண்ணால பாத்ததில்லீங்க."

அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டார். டாக்டர் சீட்டை எழுதிவிட்டார். வலி ஊசி ஒன்று, பத்து நாளைக்கு வலி மாத்திரை.

ஊசி போடுவதற்கு அந்த அம்மாவைத் திரைக்குப் பின்னால் கூட்டிப்போனேன். நாலு எட்டு வைப்பதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. கையைத் தொட்டால் சில்லென்று இருந்தது. கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். சிவப்பு என்பதே இல்லாமல் வெளுத்துக் கிடந்தது. ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு, "அக்கா, வெளிக்கு எப்படிப் போகுது?" என்று கேட்டேன்.

"சீ, அதப் போயி ஏன் கேக்குறீக நர்ஸம்மா?" முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"என்கிட்ட என்ன கூச்சம்? சொல்லுங்க."

"கரிசல் மண்ணக் கரைச்சு ஊத்துன மாதிரி போகுது. நாத்தம் தாங்க முடியல. இருவது நாளா இப்படித்தான்."

வயிற்றுக்குள் ரத்தம் கசிந்தால் அப்படித்தான் கறுத்துப் போகும். மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா என்று கேட்டேன். திரையை ஒருதரம் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார்.

"காலையில வெறும் வயித்துல கடுங்காப்பியோட ரெண்டு. அப்புறம் வலிக்க வலிக்க. ஒரு நாளைக்கு எட்டு ஆயிரும். அவுகதான் பாட்டில்ல இருந்து எடுத்துக் குடுப்பாக. நான் உக்காந்தாத்தான புளி வேலை ஆகும்?"

"இத டாக்டர்கிட்ட சொல்ல வேண்டியதுதான அக்கா?"

"அவுக இல்லன்னு சொன்ன பெறகு நான் எப்படி உண்டுன்னு சொல்றது?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டாக்டர் இப்போது எழுதியிருப்பதும் வயிற்றை அரிக்கிற அதே ரகம்தான். அதையும் சேர்த்துத் தின்றால் இந்த அம்மா பிழைக்க மாட்டார். வெளியே வந்து, "ஐயா, இவுகளுக்கு மலம் கறுப்பாப் போகுதாம். கடை மாத்திரை நெறைய சாப்பிடுறாகளாம்" என்றேன்.

மலம் என்ற சொல்லைக் கேட்டதும் டாக்டர் மூக்கைச் சுருக்கினார். "உன்னை ஊசி போடத்தானே சொன்னேன்?" என்றார்.

கடைக்காரர் கடைவாயில் வெற்றிலைச் சாறு வழியச் சிரித்தார். "பொம்பளைக ரெண்டு பேரு சேந்தா என்னத்தையாவது பேசுவாளுக ஐயா."

பாட்டிலில் வைத்து விற்பது டாக்டருக்குத் தெரிந்துவிடக் கூடாது, அவ்வளவுதான் அந்த மனிதருக்கு. கட்டினவள் உயிரெல்லாம் அதற்கு அப்புறம். நெற்றியில் விபூதி வேறு. தூ!

அதற்குள் அந்த அம்மா திரைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்தார். பஸ்ஸில் வலித்தால் போட்டுக்கொள்ள முடிந்து வந்த நாலு மாத்திரை. அவற்றை டாக்டர் மேஜையில் வைத்தார்.

"இது என்ன மொதலாளி?" என்றார் டாக்டர். அப்போதும் அவரிடம்தான்!

"எப்பவாச்சும் தலைவலின்னா ஒண்ணு..." என்று இழுத்தார் கடைக்காரர்.

அந்த அம்மா வாயைத் திறக்கவில்லை. இரண்டு கையையும் தூக்கி, இரண்டு விரலை மடக்கி, எட்டு விரலைக் காட்டினார்.

டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்தது அப்போதுதான். இமையை இழுத்துப் பார்த்தார். வயிற்றை அமுக்கிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. "மதுரைக்குக் கொண்டு போகணும். இன்னைக்கே போகணும். ரத்தம் ஏத்தணும்."

"நாளைக்குக் கடைக்கு லோடு வருதுங்க. நாளான்னைக்குக் கூட்டிட்டுப் போறேனே?"

டாக்டர் யோசித்தார். ஆமாம், யோசித்தார்! மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்துக்கொண்டு பேரம் பேசுவார்களே, அந்த மாதிரி இரண்டு பேரும் நாள் குறித்துக்கொண்டிருந்தார்கள். பேசப்படுகிற உயிர் நடுவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது. வேலை போனால் போகட்டும் என்று, "அக்கா, நீங்க என்ன சொல்றீக?" என்று சத்தமாகவே கேட்டேன்.

"நான் இன்னைக்கே போறேன்" என்றார்.

"யாரு கூடப் போவ?" என்று சீறினார் கடைக்காரர்.

"நான் கூட வாரேன்" என்றேன்.

டாக்டர் மதுரைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அவருக்கும் கொஞ்சம் உறைத்திருக்க வேண்டும். கடைக்காரர் வரவில்லை. பஸ்ஸில் அந்த அம்மாவை மூன்று பேர் சீட்டில் படுக்க வைத்துத் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். காரியாபட்டி தாண்டும் வரைக்கும் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னேன். "அங்க யாரு கேட்டாலும் நீங்களே சொல்லணும். எத்தன மாத்திரை, எத்தன நாளா, வெளிக்கு என்ன நெறத்துல போகுது, எல்லாத்தையும் சொல்லணும். என்ன ஊசி போட்டாங்கன்னும் சொல்லணும். ஒண்ணையும் மறைக்கக் கூடாது."

அந்த அம்மா பிழைத்துக்கொண்டார். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ரத்தம் ஏற்றி, மூன்று வாரம் வைத்திருந்து அனுப்பினார்கள்.

அன்று மதியம் மதுரை ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது டாக்டர் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து கேட்டார். அந்த அம்மா எண்ணிக்கை, நாள், நிறம், நாற்றம் எதையும் விடாமல் பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சொன்னார். டாக்டருக்கு ஆச்சரியம்.

"இவ்வளவு விவரமாச் சொல்றீங்களே, முன்னாடியே சொல்லியிருக்கலாமே அம்மா?"

"இன்னைக்குக் காலையில வரைக்கும் யாரும் என்கிட்டக் கேக்கல தம்பி."

"ரெண்டு ஊசி போட்டாங்கன்னீங்களே. போட்டவங்களுமா கேக்கல? யாரு அது?"

அந்த அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை.

"யாரோ ஒரு நர்ஸம்மா" என்றார்.

நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். டாக்டர் அதை எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனார். நான் வாயைத் திறக்கவில்லை.