வாய்க்காலை ஆறாக வரைந்தேன்

காவிரி இரண்டாகப் பிரிந்து ஸ்ரீரங்கப்பட்டணத்தைச் சுற்றிக்கொண்டு ஓடுகிறது. அந்தத் தீவுக்குள் எங்கள் கத்தோலிக்கப் பங்கு சிறியது. ஒரு பழைய மாதா கோயில், கரும்பும் நெல்லும் பயிரிடும் சில குடும்பங்கள், அவ்வளவுதான். மைசூரில் ஓவிய ஆசிரியையாக ஓய்வுபெற்று நான் அங்கே குடிவந்த புதிதில், திருவிழாவுக்குள் பங்கின் வரைபடத்தைக் கோயிலின் உட்சுவரில் தீட்டித் தரும்படி பங்குச் சாமியார் கேட்டார். பீடத்துக்கு எதிரே, வாசலை ஒட்டிய சுவர். கோட்டை மதில், படித்துறை, வயல்கள் எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் வரைந்துவிட்டேன். மனதுக்குள் பெருமைதான்.

ஞாயிறு பூசை முடிந்ததும் ஒரு பெண் அந்தச் சுவரை விட்டு நகரவே இல்லை. கொள்ளேகால் பக்கத்திலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவர்.

"ஏனுங்கக்கா, இதுல எங்க ஊடு எங்கீங்க?"

எங்கே இருக்கிறது என்று கேட்டேன். கிழக்கு ஓரத்தைக் காட்டினார்.

"அது ஆத்துக்கு அந்தப் பக்கமாச்சே?"

"ஆறா? அது வாய்க்காலுங்க! ஆறு அதுக்கும் அங்காலெ போகுது. எங்களத் தீவ உட்டே தள்ளிப்போட்டீங்களே!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சாமியாரும் சிரித்தார். எனக்குக் காது சுட்டது. அந்தப் பெண்தான் கையைப் பிடித்து, "வாங்க, நேர்ல பாத்துப்போட்டு வரையுங்க" என்று அழைத்துப் போனார்.

வாய்க்கால் பாலத்தைத் தாண்டியதும் தலைக்கு மேல் கரும்பு. வழி முடிந்த இடத்தில் ஓட்டு வீடு. அதன் வாசற்படி, கோட்டையிலிருந்து வந்த ஒரு பெரிய கருங்கல். வீட்டுக்குப் பின்னால் போனால் தீவின் முனை. தெளிந்த நீரும் கலங்கிய நீருமாக இரண்டு கிளைகளும் அங்கே சேர்ந்தன. பரிசலில் வலையை இழுத்துக்கொண்டிருந்த அவர் கணவர் எங்களைப் பார்த்துக் கையசைத்தார். மதியம் களியும் மீன் குழம்பும் போட்டார்கள். வெட்கம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

மறுநாள் வாய்க்காலை மெலிதாக்கி, ஆற்றை அதன் இடத்தில் ஓடவிட்டேன். செய்தி பரவிவிட்டது. ஒருவர் தன் கிணற்றைக் கேட்டார். இன்னொருவர் எருமைகள் குளிக்கும் மடுவைக் கேட்டார். எதையும் மறுக்கவில்லை.

திருவிழா அன்று பூசை தொடங்கியும் பாதிப்பேர் பீடத்துக்கு முதுகு காட்டி, அவரவர் வீட்டைச் சுவரில் தேடிக்கொண்டிருந்தார்கள்.

சாமியார் ஒலிபெருக்கியில் சொன்னார்: "எல்லார் வீடும் அங்கேயேதான் இருக்கும். ஆண்டவர் இந்தப் பக்கம் காத்திருக்கார், கொஞ்சம் திரும்புங்க."