தாயார் சாத்திய கதவு

இன்று வாழைமட்டை உரித்தபோது விரலில் ஒட்டிய ஈர வாசனை, இடித்து லாட்ஜ் கட்டிவிட்ட எங்கள் சித்திரை வீதி வீட்டுக்கே இழுத்துப்போனது. அறுபதுகளில், உறையூர் நாச்சியாரிடம் போய்வந்த பெருமாளை உள்ளே விடாமல் ரங்கநாயகித் தாயார் தரப்பில் கதவைச் சாத்தி, வாழைமட்டையால் அடிக்கிற பங்குனி உற்சவத்தை அம்மா முன்னால் நின்று கண்கொட்டாமல் பார்ப்பாள். நம்மாழ்வார் சமாதானம் பேச வருவதற்குள் என்னை இழுத்துக்கொண்டு வீடு திரும்பிவிடுவாள்.

அப்பாவுக்கும் உறையூரில் ஒருத்தி இருந்தாள். ஒரு வருஷம் உற்சவத்தன்றே வந்து எங்கள் கதவைத் தட்டினார்.

“கதவைத் திற. தாயாரே பெருமாளை மன்னிச்சு உள்ளே விட்டாச்சு.”

“அதை நான் பார்த்ததில்லைங்க” என்றாள் அம்மா, தாழ்ப்பாளைத் தொடாமல்.

இன்றுவரை நானும் பார்த்ததில்லை.