தள்ளிப்போன திருநெல்வேலி

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், சிங்கப்பூருக்கு எதிர்க்கரையில் இருக்கும் கெலாங் பாத்தாவில் என் வீட்டுச் சமையலறை ஜன்னலோரம் நின்றால், கைபேசி என்னைச் சிங்கப்பூருக்கு வரவேற்கும். அரிசி களைந்துகொண்டிருப்பேன்; நான் எல்லை தாண்டிவிட்டதாகச் செய்தி வரும். வந்த புதிதில் சிரித்தேன். இப்போது அதை அழித்துவிட்டு உலை வைக்கிறேன். ஆனால் சென்ற மார்கழியில் திருநெல்வேலியிலிருந்து வந்த சுவரொட்டியை அப்படிக் கடக்க முடியவில்லை. என் பெயருக்கு முன்னால் ‘மலேசியப் பாடகர்’ என்று போட்டிருந்தார்கள். பாளையங்கோட்டையில் பிறந்து வளர்ந்தவன் நான். அப்படிப் போட்டால்தான் கூட்டம் சேரும் என்றார் அமைப்பாளர் முருகேசன்.

எங்களுக்குப் பின்னால் நிறுவனம் எதுவும் கிடையாது. எழுதி மெட்டமைத்துப் பாடுவது நான். உருமி வாசிப்பது ஜொகூரிலேயே பிறந்த குமரன். விமானச் சீட்டு முதல் மேடை வரை நாங்களே பார்த்துச் சென்னை, மதுரை, திருநெல்வேலி என்று பயணத்தை வகுத்திருந்தோம். பொங்கலுக்குப் பிறகு என்று தேதி வைத்தது அம்மாவுக்காக. தை கடைசியில் அவள் பாளையங்கோட்டை வீட்டைக் காலி செய்துவிட்டு அண்ணனோடு புனேவுக்குப் போவதாக இருந்தது. நான் மேடையில் பாடி அவள் கேட்டதே இல்லை. அவள் அந்த ஊரில் இருக்கும்போதே பாடிவிடத் துடித்தேன்.

ஒத்திகைக்கு வந்த குமரன் உருமியை உறையிலிருந்து எடுக்கவில்லை.

“அண்ணே, பூசத்துக்கு நான் காவடி எடுக்கணும். பாப்பாவுக்கு ஒடம்பு நல்லாகணும்னு வேண்டிக்கிட்டது, இது மூணாவது வருஷம். வெரதம் ஆரம்பிச்சாச்சு.”

திருநெல்வேலிக் கச்சேரி தைப்பூசத்தன்றே விழுந்திருந்தது. எனக்கு உறைக்கவே இல்லை.

“முன்னாடியே சொல்லக் கூடாதா?”

“நீங்க ஊர்லேர்ந்து வந்தவங்க, பூசம் தெரியாம இருக்குமா? நீங்களே மாத்திடுவீங்கன்னு இருந்துட்டேன் லா,” என்றான், மலேசியப் பேச்சின் ‘லா’வோடு.

என் சிறுவயதில் பூசம் என்றால் கோயிலுக்குப் போய்விட்டு வந்து இட்லி தின்பது, அவ்வளவுதான். இங்கே மாநிலத்துக்கே விடுமுறை. குடும்பங்கள் வாரக்கணக்கில் தயாராகின்றன. வெளியூரில் பிழைக்கும் உங்களுக்கு என் குளறுபடி புரியும். எத்தனை ஆண்டானாலும் தலைக்குள் ஓடுவது ஊர் நாட்காட்டிதான்.

தையில் வேறு நாளுக்கு மண்டபம் கிடைக்கவில்லை. “இங்க உருமிக்கு ஆளா இல்ல, சார்?” என்றார் முருகேசன். இருந்தார்கள். ஆனால் குமரனின் கை இல்லாமல் அவை என் பாட்டுகளே அல்ல. அவன் மேல் கோபம் வந்தது. அதைவிட என் மேல்.

அம்மாவை அழைத்துச் சொன்னேன்.

“எய்யா, அவன் பிள்ளைக்கு நேந்துக்கிட்டது. அதக் கெடுக்காத. நீ எப்ப வேணும்னாலும் பாடலாம்.”

பாடலாம்தான். கேட்க அவள் அங்கே இருக்க மாட்டாள். அது இருவருக்கும் தெரியும். வேறு ஏதோ பேசி வைத்துவிட்டேன்.

பயணம் முழுவதையும் ஆனிக்குத் தள்ளினேன். புதிய தேதி உறுதியானதும் முருகேசன் கேட்டார்:

“சார், ரூம் போட்டுரட்டுமா, இல்ல வீட்லயே தங்கிக்கிடுவியளா?”

“போடுங்க.”

“எந்த லாட்ஜுல?”

அந்த ஊரில் எந்த விடுதி நன்றாக இருக்கும் என்று நான் ஒருநாளும் விசாரித்ததில்லை.