கொசுத்தேனீப் பெட்டியும் கொசுப்புகையும்

புகை அடிக்க வருகிறார்கள் என்று தெரிந்த அந்த மாலையில், தேனீப் பெட்டியின் வாயை நான் எப்போது அடைத்திருக்க வேண்டும்? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

ரெங்கம் என்ற சிற்றூரில் வரிசை வீடு எங்களுடையது. பின்புறம் ஒரு பந்தல் போடும் அளவு நிலம். போன வருடம் அங்கே பாகல் கொடி பூத்துப் பூத்து உதிர்ந்தது. ஒரு காய்கூடப் பிடிக்கவில்லை. சுற்றிலும் எண்ணெய்க்கான செம்பனைத் தோட்டம், களைக்கொல்லி வாடை. என் மகள் தேனீயைப் படத்தில்தான் பார்த்திருந்தாள். காது குடையும் பஞ்சுக் குச்சியால் நானே பூவுக்குப் பூ மகரந்தம் தடவினேன். அதைப் பார்த்துச் சிரித்த கணவர், தன்னோடு சிங்கப்பூரில் வேலை செய்யும் பொந்தியான் ஊர் நண்பரிடமிருந்து ஒரு கெலுலுட் பெட்டி வாங்கி வந்தார். கொட்டாத சின்னத் தேனீ, தமிழில் கொசுத்தேனீ. அதன்பின் காய் பிடித்தது. செடிகளுக்கு மருந்து அடிப்பதை நிறுத்தினோம். ஒரு நல்ல காரியம் செய்கிறோம் என்று நம்பினேன்.

பக்கத்து வீட்டு அக்காவின் மகளுக்கு டிங்கிக் காய்ச்சல் வந்தது. மறுநாள் மாலை புகை அடிப்பார்கள் என்று எங்கள் குடியிருப்பான தாமானின் வாட்சப்பில் செய்தி. மருத்துவமனையிலிருந்து மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்த அக்காவிடம் வேலியோரம் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

“அக்கா, எங்க பின்பக்கம் மட்டும் விட்டுடச் சொல்லலாமா? கொசுத்தேனீ இருக்கு.”

“கொசுவா? கொசுவையா வளக்கிற?”

“கொசு இல்லக்கா, தேனீ. கெலுலுட்.”

“பேருலயே கொசு இருக்கே லா! என் மக அங்க ட்ரிப்ஸ் ஏத்திக்கிட்டுப் படுத்திருக்கா, நீ பூச்சிக்கு வக்காலத்து வாங்குற.”

எனக்கும் கைக்குழந்தை இருக்கிறது. புகை வேண்டாம் என்று நான் எப்படிச் சொல்வேன்? கணவருக்குப் போன் செய்தேன்.

“எல்லாம் உள்ள வந்ததும் வாய்ல ஈரத்துணி கட்டிடு.”

“எப்ப வரும்?”

“இருட்டுறப்ப.”

“புகை அதுக்கு முன்னாடியே வந்துடுமே.”

“பார்த்துச் செய்மா,” என்றார்.

மறுநாள் மாலை பின் வரிசையில் புகை இயந்திரம் உறுமியதும் பயந்து துணியைக் கட்டிவிட்டேன். வெளியே போனவை திரும்பி வந்துகொண்டே இருந்தன. வாசல் தேடித் துணிமேல் ஊர்ந்தன. அவிழ்த்தால் புகை உள்ளே போகும். அவிழ்க்காவிட்டால் இவை சாகும். புகை அடிப்பவர் வாசலுக்கு வந்து, மூடிவைக்க ஏதாவது இருக்கிறதா என்று மலாயில் கேட்டார். மருத்துவமனைக்குக் கிளம்பிய அக்கா தன் கேட்டருகே நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “இல்லை” என்றேன். ஜன்னல்களைச் சாத்தி, பிள்ளைகளோடு அறைக்குள் உட்கார்ந்துகொண்டேன்.

காலையில் துணியிலும் தரையிலும் எள் கொட்டியதுபோல் கிடந்தன. துணியை அவிழ்த்தபோது உள்ளே இருந்தவை வந்தன. மிகக் கொஞ்சம். அந்த மனிதரிடம் சொல்லியிருந்தால் ஒதுங்கிப் போயிருப்பாரா? ஒதுங்கிப் போய், அங்கிருந்து ஒரு கொசு யாரையாவது கடித்திருந்தால்? இரண்டு பக்கமும் யோசித்துப் பார்த்துவிட்டேன்.

அக்காவின் மகள் குணமாகி வந்துவிட்டாள். அவளைக் கட்டிக்கொண்டு நானும் அழுதேன், உண்மையாகவே. ஆனால் பெட்டி தேறவில்லை. வாசலில் தேனீக்கள் கட்டியிருந்த மெழுகுக் குழாய், நான் துணி கட்டியதில் உடைந்த இடம் அப்படியே இருக்கிறது. கட்ட ஆள் போதவில்லை போலும். எறும்பு ஏறத் தொடங்கியிருக்கிறது. பாகல் பூக்கள் மறுபடி உதிர்கின்றன.

இன்று காலை இன்னொரு செய்தி. கடைசி வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல். நாளை மறுநாள் மீண்டும் புகை. இன்னொரு முறை இந்தப் பெட்டி தாங்காது.

கெலுலுட் வளர்ப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் சொல்லுங்கள். நாளை இருட்டியதும் வாயை அடைத்து, பொந்தியான் நண்பர் வீட்டில் சில நாள் வைக்கலாமா? இவ்வளவு மெலிந்த கூட்டம் கார் பயணத்தைத் தாங்குமா? எறும்புக்கு, மருந்தில்லாமல், என்ன செய்வது? இதையும் சொல்லுங்கள்: பெட்டியை எடுத்துப் போவதற்கு முன் அக்காவிடம் நான் என்னவென்று சொல்ல?